மனையும் மண்ணும்

தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் பேரூர்களிலும் சிறிதளவேனும் நிலம் உடையோர் வீடு கட்டிய முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. தெருப்புறத்தே திண்ணை, அதனைக் கடந்தால் நடை, நடுவே முற்றம், பின்னே அடுக்களை, அடுக்களைக்கு அப்பால் கிணறும் கொல்லையும். திண்ணை வழிப்போக்கர் இளைப்பாறுவதற்கு. முற்றம் காற்றும் வெளிச்சமும் வருவதற்கு. கொல்லையோ செடிகொடிகள் வாழ்வதற்கு. வீடு என்று சொன்னால் சுவரும் கூரையும் மட்டும் அன்று. இக் கொல்லையும் சேர்ந்ததே வீடு என்று முன்னோர் கருதினர்.

அக் கொல்லையில் வீண் என்று ஒதுக்கத்தக்க பொருள் ஒன்றும் இருந்ததில்லை. பாத்திரம் கழுவிய நீர் வாழையின் அடியில் பாய்ந்தது. அரிசி களைந்த நீர் மாட்டுத் தொட்டிக்குச் சென்றது. மாடில்லாத வீட்டில் அது கறிவேப்பிலைச் செடியை அடைந்தது. அடுப்புச் சாம்பல் அவரைக்கொடியில் பூச்சி பற்றாதிருக்க அதன் இலைகளின்மேல் தூவப்பட்டது. உதிர்ந்த சருகும் காய்கறித் தோலும் எருக்குழியில் மக்கி, அடுத்த பருவத்தில் பாத்திகளுக்கு உரமாயின. அடுக்களை கொல்லைக்குக் கொடுத்தது. கொல்லை முருங்கைக்காயாகவும் கீரையாகவும் எலுமிச்சையாகவும் அடுக்களைக்குத் திருப்பித் தந்தது. இக் கொடுக்கல் வாங்கல் எவர் கணக்கிலும் எழுதப்படாமலே தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது.

இன்று அக் கொல்லை மறைந்து வருகின்றது. மனையின் விலை ஏறிவிட்டமையால், அடி நிலமும் வீணாகாதவாறு பலர் கட்டடம் எழுப்புகின்றனர். இது பொருளாதார நெருக்கடியால் நேர்வது. இதற்காக அவரைக் குறைகூறுதல் முறையன்று. ஆனால் இடம் இருந்தும் மண்ணை விட்டுவைக்க மனம் இல்லாத நிலையும் பரவி வருகின்றது. வீட்டைச் சுற்றியுள்ள நிலம் முழுவதும் சிமெண்டுத் தளத்தால் மூடப்படுகின்றது. மண் என்றால் அழுக்கு, சருகு என்றால் குப்பை, செடி என்றால் தொல்லை என்ற எண்ணம் வலுத்துவிட்டது. பெருக்குவதற்கு எளிது, சேறு படியாது, களை முளைக்காது என்று காரணமும் கூறப்படுகின்றது. இக் காரணங்கள் பொய்யல்ல. எனினும், இவ்வெளிமையைப் பெறுவதற்காக எவற்றையெல்லாம் இழக்க நேர்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

முதலில் இழக்கப்படுவது நீர். ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள் உள்ளன எனக் கொள்க. ஒன்றின் பின்புறம் முழுவதும் தளம் போடப்பட்டுள்ளது; மற்றதன் பின்புறம் ஒரு சென்ட் நிலம் தோட்டமாக விடப்பட்டுள்ளது. ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். சென்னையில் ஓர் ஆண்டில் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. ஆகவே, அந்த ஒரு சென்ட் நிலத்தின்மீது மட்டும் ஓராண்டில் விழும் நீர் ஏறத்தாழ 56,000 லிட்டர். ஒரு குடத்திற்கு 15 லிட்டர் எனக் கணக்கிட்டால், இது 3,700 குடங்களுக்கும் மேலாகும். இந்நீர் அனைத்தும் நிலத்தடிக்குச் சென்றுவிடும் என்று கூறுவதற்கில்லை. ஒரு பகுதி ஆவியாகும். ஒரு பகுதியைச் செடிகள் பருகும். களிமண் நிலத்தில் ஒரு பகுதி வழிந்தோடும். ஆயினும், தோட்டத்தில் ஒரு பகுதியேனும் கீழிறங்குகின்றது. தளம் போட்ட மனையிலோ ஏறத்தாழ முழுவதும் தெருவிற்கு ஓடிச் சாக்கடையில் கலந்துவிடுகின்றது.

ஒரு வீட்டில் நிகழ்வது சிறிது. ஒரு நகரத்தில் நிகழ்வது பெரிது. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை பெருவெள்ளத்தால் துன்புற்றது. நான்கு ஆண்டுகள் கழிவதற்குள், 2019-ஆம் ஆண்டுக் கோடையில், அந்நகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வற்றின; சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் கொண்டுவர நேர்ந்தது. வெள்ளத்தால் வருந்திய அதே நகரம் நீரின்றியும் வருந்தியது. இதற்குக் காரணங்கள் பல உள. ஏரிகளும் சதுப்பு நிலங்களும் சுருங்கியதும், வாய்க்கால்கள் அடைபட்டதும், ஒரு பருவத்தில் மழை மிகுந்து மற்றொரு பருவத்தில் பொய்த்ததும் அவற்றுள் அடங்கும். வீட்டுத் தளங்கள் மட்டுமே இத் துன்பத்தை விளைத்தன என்று கூறுவது மிகை. ஆனால் மழைநீர் நுழைவதற்கு வாயில் இல்லாதவாறு நிலத்தை மூடுவதும் அக் காரணங்களுள் ஒன்று என்பதை மறுத்தல் இயலாது. தமிழ்நாட்டு அரசு 2003-ஆம் ஆண்டில் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பினைக் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கியது. கூரையில் விழும் நீருக்குக் குழாயும் குழியும் வேண்டும். தோட்டத்தில் விழும் நீருக்கு மண் ஒன்றே போதும்.

நீரோடு குளிர்ச்சியும் போகின்றது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவில் அவ்வெப்பத்தை வெளியிடுகின்றது. இலைகளோ வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக வெளிவிட்டுச் சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கின்றன. வேம்பு நிற்கும் கொல்லையில் நண்பகலில் கட்டிலிட்டுப் படுத்தவர் இதனை நூல் கற்று அறிய வேண்டியதில்லை.

இரண்டாவதாக இழக்கப்படுவது உயிர்களின் உறவு. வேலியோரத்தில் படர்ந்த ஒரு பூசணிக்கொடியை ஒரு வாரம் கவனித்துப் பார்க்கும் மாணவன், பாடநூலின் பல பக்கங்கள் தரும் அறிவை அதனிடமிருந்து பெறுவான். அக்கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ மெல்லிய காம்பின்மேல் நிற்கும். பெண் பூவின் கீழே ஒரு சிறு பிஞ்சு அமைந்திருக்கும். விடியற்காலையில் விரியும் பூ வெயில் ஏறியதும் கூம்பத் தொடங்கும். அச் சில மணி நேரத்திற்குள் வண்டோ தேனீயோ ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவிற்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். வாராவிடின், பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். கொடிக்கு நீரும் உரமும் குறைவின்றி இட்டும் காய்க்கவில்லை என்று வருந்துவோர் பலர், தம் தெருவில் தேனீ இல்லாமையைக் கருதுவதில்லை. ஒரு பூசணிக்காய் உழைப்பால் மட்டும் விளைவதன்று. சிறகுடைய ஒரு சிற்றுயிரின் துணையாலும் விளைவது.

கறிவேப்பிலைச் செடியைப் பார்ப்போம் என்று இலையைப் புரட்டினால், அங்கே பறவையின் எச்சம் போன்ற ஒரு புள்ளி தோன்றும். உற்று நோக்கின் அது நகரும். அது வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. பறவைகள் தன்னை உண்ணாதிருத்தற்பொருட்டு அது அவ்வுருவத்தைப் பெற்றுள்ளது. வளர்ந்தபின் பச்சை நிறம் பெற்று இலையோடு இலையாக ஒன்றிவிடும். அது சில இலைகளைத் தின்னும் என்பது மெய்யே. ஆனால் அதற்காக நஞ்சைத் தெளித்தால், புழுவோடு வண்ணத்துப்பூச்சியும் போகும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் போகும். புழுவைத் தேடிவரும் தையற்சிட்டும் வாராது. பெரிய இலையின் ஓரங்களை நாரினாலும் சிலந்தி நூலினாலும் தைத்துக் கூடு கட்டும் அச் சிறு பறவைக்கு, ஒரு புதரும் சில புழுக்களும் இருந்தால் அதுவே உலகம். பத்து இலைகளைப் புழுவிற்கு விட்டுக்கொடுப்பவன் தோட்டத்தில் பறவையின் குரலைக் கேட்பான். இது நட்டமான வாணிகம் அன்று.

மூன்றாவதாக, தளத்தின் கீழே மண்ணே உயிர் இழக்கின்றது. மண் என்பது பொடிந்த கல் மட்டும் அன்று. மண்புழுக்களும் பூஞ்சைகளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் கூடி வாழும் ஊர் அது. ஆங்கிலநாட்டு அறிஞர் சார்லஸ் டார்வின் 1842-ஆம் ஆண்டில் தம் இல்லத்திற்கு அருகே இருந்த ஒரு நிலத்தின்மேல் சுண்ணக்கற் துண்டுகளைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகள் பொறுத்திருந்து, 1871-ஆம் ஆண்டில் அந்நிலத்தைத் தோண்டிப் பார்த்தார். அத் துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் புதைந்து கிடந்தன. மண்புழுக்கள் கீழிருந்து மண்ணை உண்டு மேலே உமிழ்ந்து உமிழ்ந்து அவற்றை மூடிவிட்டன என்று அவர் கண்டார். இவ்வாராய்ச்சியை விளக்கி 1881-ஆம் ஆண்டில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். உலகம் சுற்றி வந்த பேரறிஞர், தம் வீட்டருகே இருந்த மண்ணையும் புழுவையும் நோக்கி இத்தனை ஆண்டுகள் காத்திருந்தார் என்பதே மாணவர்க்கு ஒரு பாடம். உழவன் ஏர்கொண்டு செய்வதை மண்புழு ஓசையின்றிச் செய்கின்றது. காய்கறித் தோலையும் சருகையும் மண்ணிற்குத் திருப்பிக் கொடுத்தால் அது பெருகும். நெகிழிப் பையில் கட்டித் தெருவில் எறிந்தால், உரமாக வேண்டியது துர்நாற்றமாக மாறும். அவரை, காராமணி முதலிய கொடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன. ஆகவே, கீரை பறித்த பாத்தியில் அடுத்து அவரையை ஊன்றுதல் நல்லறிவு.

இனி, தோட்டம் வீட்டாருக்கு என்ன தருகின்றது என்பதை நோக்குதல் வேண்டும். ஒரு சிறு கொல்லை ஒரு குடும்பத்தின் உணவு முழுவதையும் தந்துவிடாது. நெல்லும் பருப்பும் வயலிலிருந்தே வரவேண்டும். ஆனால் அன்றாடம் வேண்டப்படும் பசுமையைக் கொல்லை தரும். முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் அரைக்கீரையும் பப்பாளியும் கண்ணுக்கு இன்றியமையாத வைட்டமின் ஏ சத்து உண்டாவதற்குத் துணை செய்கின்றன. அச் சத்துக் குறைந்தால் மாலைக்கண் நோய் தோன்றும். முருங்கை ஒரு கிளையை ஒடித்து நட்டாலே வளர்வது; ஏழையின் வீட்டிற்கும் எட்டுவது. பறித்த அரை மணிக்குள் உலையேறும் கீரையின் சுவையை விலைக்கு வாங்குதல் அரிது. அதன்மீது எம்மருந்து தெளிக்கப்பட்டது என்று ஐயுறவும் வேண்டுவதில்லை.

உடலுக்கு ஊட்டம் தருவதோடு உள்ளத்திற்கும் தோட்டம் அமைதி தருகின்றது. இதனை ஆராய்ந்தோரும் உளர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றிய குறிப்புகளை ராஜர் உல்ரிச் என்னும் ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். சிலரது அறையின் சாளரம் மரங்களை நோக்கியிருந்தது. வேறு சிலரது சாளரம் செங்கற்சுவர் ஒன்றை நோக்கியிருந்தது. பலவகையிலும் ஒத்த நோயாளிகளை இருவர் இருவராக இணைத்து, 23 இணைகளை அவர் ஆராய்ந்தார். மரங்களைக் கண்டவர்கள் விரைவில் வீடு திரும்பினர். வலி தணிக்கும் கடுமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தது. இம் முடிவு 1984-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோயாளர் தொகை சிறிதாதலின், இவ்வொன்றைக் கொண்டே எல்லாம் நிறுவப்பட்டதாகக் கொள்ளுதல் கூடாது. எனினும், மரத்தைக் கண்ணால் காண்பதற்கே இத்துணைப் பயன் இருக்குமாயின், விதையூன்றி, நீர் வார்த்து, தளிர் கண்டு மகிழ்வார்க்கு எத்துணைப் பயன் இருத்தல் கூடும்!

முதியோர் உள்ள வீட்டில் இதன் அருமை நன்கு விளங்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தம்மை எவரும் தேடவில்லையே என்று சோர்ந்திருக்கும் காலையில், வாடி நிற்கும் கத்தரிச்செடி அவரைத் தேடுகின்றது. அவர் நீர் வார்க்கச் செல்கின்றார். பேரப்பிள்ளைகள் உடன் செல்கின்றனர். ஊன்றிய வெண்டை விதை மறுநாளே முளைக்கவில்லை என்று பிள்ளை முகம் வாடுகின்றது. “பொறு கண்ணா, அதற்கு உரிய நாள் வரட்டும்” என்கின்றார் பாட்டனார். ஒருநாள் காலையில் இரண்டு இலைகள் மண்ணைப் பிளந்து எழுகின்றன. விரும்பியதை விரும்பிய நொடியில் தரும் கருவிகளுக்குப் பழகிய பிள்ளைக்கு, காத்திருத்தலின் இனிமையை அவ்விரண்டு இலைகளும் கற்பிக்கின்றன. பாட்டனாருக்கும் பேரனுக்கும் பேசுவதற்கு ஒரு பொருளும் கிடைக்கின்றது.

தோட்டம் வேண்டா என்பார் கூறும் தடைகளையும் ஆராய்தல் நேர்மையாகும். செடி இருந்தால் கொசு வரும் என்பர். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தேங்கிய நன்னீரில் முட்டையிடுவது. நீரை உறிஞ்சும் மண்ணில் அன்று. தொட்டியின் அடித்தட்டிலும், தேங்காய்ச் சிரட்டையிலும், பழைய டயரிலும் நிற்கும் நீரை வாரம் தவறாமல் கவிழ்த்துவிட்டால் அவ்வச்சம் நீங்கும். இதனைச் செய்யாத தோட்டக்காரர் மீது குறை உண்டு, செடியின்மீது இல்லை. பாம்பு வரும் என்பர். குப்பையும் விறகும் குவிந்த இடத்திற்கு எலி வரும். எலியை நாடியே பெரும்பாலும் பாம்பு வரும். குவியலை அகற்றிப் பாத்திகளைத் தூய்மையாக வைத்தல் வீட்டார் கடமை. இடமில்லை என்பர். அடுக்குமாடியில் வாழ்வோர் தொட்டியில் துளசியும் கற்பூரவள்ளியும் மணத்தக்காளியும் வளர்க்கலாம். மாடியில் வளர்ப்போர், நனைந்த மண்ணின் பாரத்தைத் தளம் தாங்குமா, நீர் வடிய வழியுண்டா என்பதை முன்னரே அறிதல் வேண்டும். தொட்டிச்செடி நிலத்தடி நீரைப் பெருக்காது. ஆயினும் ஒரு தேனீக்கு விருந்தளிக்கும், ஒரு கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். நேரமில்லை என்பர். நாள்தோறும் கால்மணி நேரம் ஒரு சிறு பாத்திக்குப் போதும். அந்நேரமும் இல்லாத வாழ்க்கையாயின், குறை தோட்டத்தில் இல்லை. வாழ்க்கை முறையில் உளது.

மரத்தை உறவாகப் போற்றிய மரபு தமிழர்க்குப் புதியதன்று. நற்றிணையில் ஒரு பாட்டு உண்டு. சிறுமியர் விளையாட்டாக மணலில் புன்னை விதை ஒன்றைப் புதைத்து மறந்துவிடுகின்றனர். அது முளைத்து எழுகின்றது. அவர்கள் அன்போடு பாலும் நெய்யும் பெய்து அதனை வளர்க்கின்றனர். அப் புன்னை அவர்களுக்குத் தங்கையாகும் என்று அன்னை சொல்லி வைக்கின்றாள். பின்னாளில் அம் மரத்தின் நிழலில் தலைவனோடு நகைத்துப் பேச அவர்கள் நாணுகின்றனர். தங்கையின் முன்னிலையில் அவ்வாறு செய்தல் தகுமோ என்பது அவர்தம் கூச்சம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இப் பாட்டில் காணப்படும் உறவு, அரிய கல்வியாலோ பெருஞ்செல்வத்தாலோ உண்டானதன்று; ஒரு விதையைப் புதைத்து, அது வளர்வதைக் கண்டதனால் உண்டானது. மண் மூடப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்கு அத்தகைய தங்கை கிடைப்பதில்லை. அப் பிள்ளை பின்னாளில் அதிகாரியாகவும் பொறியாளனாகவும் அமர்ந்து, ஒரு சாலைக்காக நூறு மரங்களை வெட்டலாமா என்று முடிவு செய்யும் நாளில், அவன் உள்ளத்தில் மரம் என்பது வெறும் எண்ணாகவே இருக்கும். கொல்லையை இழப்பதன் பெருங்கேடு இதுவே.

ஆகவே, இடம் உடையோர் தம் மனையில் ஒரு பகுதியையேனும் மண்ணாகவே விட்டுவைத்தல் வேண்டும்; அம் மண்ணில் தம் கையாலேயே செடி வளர்த்தல் வேண்டும். வண்டி நிறுத்தவும் ஆடை உலர்த்தவும் வேண்டிய அளவிற்குத் தளம் இருக்கட்டும். எஞ்சிய நிலம் மூச்சுவிடட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு மண்வெட்டியும், ஒரு பிடி விதையும், நாள்தோறும் மறவாத மனமும் போதும்.

இதனைத் தொடங்குவதற்குப் பெரியவர்களை எதிர்பார்த்திருக்க வேண்டியதும் இல்லை. வீட்டில் தளம் போடும் பேச்சு எழும் நாளில், கொத்தனார் வருமுன், “அப்பா, கிணற்றோரம் அந்த ஒரு சென்ட் இடம் மட்டும் அப்படியே இருக்கட்டும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று பணிவோடு கேட்கத் தக்கவர்கள் பிள்ளைகளே. கேட்டுப் பெற்ற பின், சொன்ன சொல் தவறாமல் அதைக் காப்பவர்களும் அவர்களாகவே இருத்தல் வேண்டும்.